டாக்டரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி

முதுகுவலி வந்தால் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும், அரிசி மூட்டையை எப்படித் தூக்க வேண்டும் என்று கவர்மெண்ட் கிளினிக் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பெண் தனியாகத்தான் படுத்திருக்கிறாள். பக்கத்தில் புருஷன் வந்து படுத்தால் அவள் என்ன செய்வாள் என்று யாரும் படம் போடவில்லை. அந்த ஒரு விஷயத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் 14 மாதம் கழித்தேன். பணம் போனது, சம்பளம் போனது. வீட்டுக்காரரோடு பேச்சே அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டோம். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இன்னும் பல பேர் இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எனக்கு 43 வயது. அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர், நானும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். வீட்டுக்காரர் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூட கேன்டீனில் சமையல். இரண்டு அறை உள்ள மலிவு வீடு, மேலே தகரம். ஒரு அறையில் மாமியாரும் மகளும், மகனுக்கு ஹால், இன்னொரு அறை எங்களுக்கு. இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. மாமியார் இருமினால் எங்கள் கட்டிலில் கேட்கும். அப்படியென்றால் எங்கள் கட்டில் அங்கே கேட்காதா? இந்த வீட்டுக் கணக்கும் இந்தக் கதையில் சேர்த்திதான், அதனால் சொல்கிறேன்.

2022 ஜூன் மாதம், காலை பசியாறும் நேரம். சோற்றுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அப்படியே உடம்பைத் திருப்பிப் பக்கத்து மேசையில் வைத்தேன். சத்தமெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் யாரோ சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மாலைக்குள் இடது பின்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் கிளினிக்கில் நான் செய்த முதல் முட்டாள்தனம், “வீட்டுல வழுக்கிட்டேன்” என்று சொன்னது. கேன்டீன் எடுத்து நடத்துபவர் நல்ல மனுஷி, அவருக்குத் தொல்லை வரக் கூடாது என்று நினைத்துவிட்டேன். வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், அதற்குத்தான் மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. வழுக்கினேன் என்று கிளினிக் சீட்டிலேயே எழுதியாகிவிட்டது, இனி யாரிடம் போய் நிற்பது? 40 நாள் வேலை போனது, நாளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படுக்கை. “அசையாம கிட, தானா சரியாப் போகும்” என்றார் மாமியார். மூன்று வாரம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி கிடந்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு சரி, அதற்கு மேல் படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசை தளர்ந்து வலி இன்னும் ஊறிப்போகும். முடிந்த அளவு நடமாடுவதுதான் மருந்து என்று பிறகு எல்லா டாக்டரும் சொன்னார்கள். நான் எழுந்து நடக்க ஆரம்பித்தபோது காலெல்லாம் கூழாக இருந்தது.

ஆகஸ்ட் வாக்கில் வலி கொஞ்சம் அடங்கியது. இரண்டு மாதமாகிவிட்டதே என்று ஒருநாள் ராத்திரி நான்தான் அவர் பக்கம் திரும்பினேன். பாதியிலேயே வலி கத்தி மாதிரி இறங்கியது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன், பாவம் மனுஷன் எத்தனை நாள் காத்திருந்தார் என்று. முடிந்து எழுந்திருக்கப் போனால் முடியவில்லை, இடுப்பு பூட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் என்னைத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோனார். கதவுச் சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்து, “என்னடா ஆச்சு?” என்று கேட்டார். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “ஒன்னும் இல்லம்மா, கட்டில்லேருந்து விழுந்துட்டா.” இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் மகன் பக்கத்தில் பாய் விரித்துவிட்டார்.

அங்கேயிருந்து தொடங்கியதுதான் பெரிய வலி. அவர் ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்குள் கண்டபடி ஓடியது. இவள் இனி எதற்கும் ஆக மாட்டாள் என்று நினைத்துவிட்டாரோ? லோரிக்காரர்கள் ஒதுங்கும் கடைகளைப் பற்றி ஊரில் பேசுவார்களே, அப்படி ஏதாவதா? ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். ஆலையில் எத்தனை டன் இறக்கினார் என்ற மெசேஜ்தான் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், அவமானம்தான் வந்தது. அந்த வருஷ தீபாவளிக்குக் குனிந்து கோலம் போட முடியாமல் மகள் போட்டாள். அவர் வாங்கி வந்த புடவையைப் பிரிக்காமலேயே பீரோவில் வைத்தேன்.

கிளினிக்கில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சின்ன ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். கவுண்டரில் நம்பர் கொடுக்கும் பெண் எங்கள் பின்வீட்டு மருமகள். மருந்து கொடுக்கும் இடத்தில் மகளோடு படித்த பெண்ணின் அக்கா. டாக்டர் இருபத்தெட்டு வயசுப் பையன், என்னை “ஆன்ட்டி” என்று கூப்பிடுகிறார். அவரிடம் போய் இதை எந்த வாயால் கேட்பது? “வேற ஏதாவது பிரச்சினை இருக்கா ஆன்ட்டி?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். “இல்ல டாக்டர்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வருவேன். 1 வெள்ளி கட்டிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வெளியே எவ்வளவு கொடுத்துத் தேடினேன் என்று கேளுங்கள்.

உருவிவிடும் அம்மா ஒருவர், தடவைக்கு 70 வெள்ளி, ஒன்பது தடவை. உருவின அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் வலி தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். கடைசித் தடவை முட்டியை வைத்து அழுத்தியதில் கால் மரத்துப்போனது, அதோடு விட்டேன். அப்புறம் “முதுகுக்கென்றே செய்த மெத்தை” 1,650 வெள்ளி, தவணையில். கருங்கல் மாதிரி இருந்தது. இடுப்புக்கும் தோளுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கிற மெத்தைதான் நல்லது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கடைத்தெருவில் இலவசமாகப் படுக்க வைத்துக் காட்டுவார்களே, அங்கே வாங்கிய சூடு கொடுக்கும் பெல்ட் 890 வெள்ளி. அது செய்யும் வேலையை உப்பு வறுத்துத் துணியில் முடிந்த ஒத்தடமும் செய்கிறது. கடைசியாக ஒரு ஜாமு, மலாய் நாட்டு மருந்து. பாசார் மாலம் என்ற ராத்திரிச் சந்தையில் ஒருவர் விற்றார், புட்டி 45 வெள்ளி. குடித்த மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. ஐந்து புட்டி குடித்தேன். இரண்டாம் மாதம் முகம் உருண்டையாக வீங்கி, கேன்டீன் பிள்ளைகள் “ஆன்ட்டி குண்டாயிட்டீங்க” என்று சொல்லும் அளவுக்கு ஆனது.

அந்தப் பையன் டாக்டர்தான் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். பதிவு இல்லாத இந்த மாதிரி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறதாம். அதனால்தான் வலி அவ்வளவு சீக்கிரம் ஓடியது, அதனால்தான் முகமும் வீங்கியது என்றார். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று பரிசோதனை செய்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வைத்தார். நீங்கள் வாங்கும் பாரம்பரிய மருந்தில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி, எண்கள் வந்து, ‘டி’ (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரும் அதே சமயத்தில் தன் பங்குக்கு ஒரு கூத்து செய்திருந்தார், எனக்கு அப்போது தெரியாது. என்னை வலிக்க வைத்துவிட்டோம் என்ற பயத்திலேயே அவருக்குத் தன் உடம்பின் மேல் நம்பிக்கை போய்விட்டதாம். ஆலையில் ஒரு கூட்டாளி ‘ஆண்களுக்கான காபி’ என்று ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறார். இவருக்கோ ரத்தக் கொதிப்பு. குடித்துவிட்டு நெஞ்சு படபடத்து லோரியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். அந்த வகைக் காபிகளிலும் ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரை மருந்தைச் சொல்லாமல் கலக்கிறார்கள். இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிரே போய்விடலாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போய், எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்ததில் கீழ் முதுகில் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆப்பரேஷன் வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அது இல்லாமலே குறையும், ஃபிசியோ போங்கள் என்று அனுப்பினார்கள். அப்போது 2023 ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஃபிசியோ ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசுதான். என் ஊரும் இல்லை, என் தெருவும் இல்லை. திரைச்சீலைக்குள் நானும் அவளும் மட்டும். முழங்காலும் கையும் ஊன்றி முதுகைச் சமமாக வைக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன். மலாயில் புருஷனுக்குச் ‘சுவாமி’, மனைவிக்கு ‘இஸ்தெரி’. “சுவாமி இஸ்தெரி உறவு… வலிக்குது…” என்று தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தேன். இந்த மொழியில் இதைச் சொல்லும்போது கோயிலில் நிற்கிற மாதிரி ஒரு கூச்சம் வந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவள் கொஞ்சமும் அசரவில்லை. வாளியை எப்படித் தூக்குவது என்று சொல்வது போலவே சொன்னாள். “இதைக் கேட்கத்தான் நாங்க இருக்கோம் காக் (அக்கா). நிறையப் பேர் கேட்கிறதில்லை.”

அவள் முதலில் கேட்டது: குனிந்தால் வலிக்கிறதா, நிமிர்ந்தால் வலிக்கிறதா? எனக்குக் குனிந்தால், காரில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால், தும்மினால் வலி. நடந்தால், குப்புறப் படுத்தால் ஆறுதல். டிஸ்க் பிதுங்கினவர்கள் பலருக்கு இப்படித்தான். வேறு சிலருக்கு, அதிகமாக வயதானவர்களுக்கு, இது தலைகீழ்: நின்றால் நடந்தால் காலில் இழுக்கும், உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் விட்டுவிடும். எது நம் வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு விஷமாக இருந்தது மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் தூக்குவது, அப்படிச் செய்யும்போது கீழ்முதுகு வில்லாக வளைகிறது. முந்தின வருஷம் ஆகஸ்டில் அந்த ராத்திரி நடந்ததும் அதுதான். மல்லாந்து படுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி இடுப்புக் குழியில் வை, காலை ரொம்ப மேலே தூக்காதே என்றாள். அதைவிட நல்லது, நீ இப்போது இருக்கிறாயே இதே நிலை, கையை ஊன்றி, முதுகைச் சமமாக வைத்து என்றாள். தினமும் காலையில் ஹாலில் மாமியார் முன்னாலேயே நான் செய்துகொண்டிருந்த பயிற்சி! எனக்கு முகம் சிவந்து போனது. நிமிர்ந்தால் வலிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுப்பதோ, காலை மடக்கி ஒருக்களித்துப் படுப்பதோ மேல்.

ஒருக்களித்துப் படுப்பதுதான் எல்லா முதுகுவலிக்கும் நல்லது என்று பலர் சொல்வார்கள், நானும் எங்கேயோ படித்திருந்தேன். 2014-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 10 தம்பதிகளின் முதுகெலும்பு அந்த நேரத்தில் எப்படி அசைகிறது என்று கருவி வைத்தே அளந்திருக்கிறார்கள். குனிந்தால் வலிக்கும் வகைக்கு ஒருக்களித்துப் படுப்பது அவ்வளவு ஒத்துவராது என்று அதில் தெரிந்தது. இதையும் ஆராய்ச்சி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. இன்னொன்று, யாருக்கு முதுகுவலியோ அவர் அசையாமல் மற்றவர் அசைய வேண்டும், அசைவதும் முதுகை வளைத்து இல்லாமல் தொடை சேரும் மூட்டிலிருந்து வர வேண்டும் என்றாள். குனிந்து எழும் எல்லா வேலைக்கும் அதே பாடம்தான், சோற்றுச் சட்டி உட்பட.

சரி, இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு அவர்தான் காரில் அழைத்துப் போக வந்திருந்தார். வழியில் செம்மோர் ஊரைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போட்டும் ரோடு தெரியவில்லை, ஓரமாக நிறுத்தினார். கண்ணாடி முழுக்க ஆவி. வெளியே ஒன்றும் தெரியாது, வெளியே இருப்பவர்களுக்கும் நாங்கள் தெரிய மாட்டோம். எங்கள் வீட்டில் கிடைக்காத தனிமை அந்தப் பழைய புரோட்டோன் காருக்குள் கிடைத்தது. “நீங்க ஏன் ஹாலுக்குப் போனீங்க?” என்று கேட்டேன், ஒரு வருஷம் கழித்து. அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் திரும்பிப் படுத்தாலே நீ முனகுற. நான் தொட்டதாலதான அன்னிக்கு அப்படி ஆச்சு? இன்னொரு தடவை உன்னைத் தூக்கிட்டுப் பாத்ரூம் போக எனக்குத் தெம்பு இல்லம்மா.” நான் போனைப் பார்த்ததைச் சொன்னேன். வேறு யாராவது இருக்கிறாளோ என்று நினைத்ததையும் சொன்னேன். “நாள் பூரா செம்பனை நாத்தத்தோட வர்றவனை எவ பாப்பா?” என்றார். இருவரும் சிரித்தோம், அப்புறம் நான் அழுதேன், அவர் டிஷ்யூ பெட்டியைத் தேடினார், காலியாக இருந்தது.

அடுத்த தடவை அவரையும் ஃபிசியோவுக்கு அழைத்துப் போனேன். தலை நிமிராமல் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. முடிந்தால் துணையையும் அழைத்துப் போங்கள். நாம் சொன்னால் நம் பேச்சு, வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் மருத்துவம்.

எங்களுக்குப் பயன்பட்டதை நினைவு வந்த வரிசையில் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் உறவே வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அவர் ஹாலிலிருந்து திரும்பி வந்தார், கட்டிப்பிடித்துப் படுத்தோம், முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். அதற்கு மேல் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெரிந்ததும் என் உடம்பு தானாக இளகியது. வலிக்குமோ என்ற பயத்திலேயே உடம்பு இறுகும், இறுகினால் அது வேறு வலிக்கும், அந்தச் சுற்றை அறுக்க எங்களுக்கு அந்த ஒரு மாதம் தேவைப்பட்டது. அப்புறம், காலையில் எழுந்தவுடன் வேண்டாம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் அது வளைவதைத் தாங்காது. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, 20 நிமிஷம் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்தால் தசை இளகியிருக்கும். முடிந்ததும் சட்டென்று எழுந்து உட்காராதீர்கள். மரக்கட்டை மாதிரி ஒரு பக்கமாக உருண்டு, காலைக் கீழே விட்டு, கையால் ஊன்றி எழுங்கள். வலித்தால் “போதும்” என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், சொன்ன உடனே மற்றவர் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நான் பல்லைக் கடித்துப் பொறுத்ததில் யாருக்கும் லாபம் இல்லை, அவருக்கு ஒரு வருஷப் பயம்தான் மிச்சம்.

மருந்தைப் பற்றியும் ஒன்று. கால் நரம்பு வலிக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். தூக்கம் நன்றாக வந்தது, ஆசை சுத்தமாக அணைந்துவிட்டது. வாய் உலர்ந்த மாதிரி உடம்பும் உலர்ந்து போனது. வயசாகிவிட்டது போல என்று நானே முடிவு கட்டியிருந்தேன். டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார், குறைத்த பிறகு வித்தியாசம் தெரிந்தது. டிராமடோல் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள். உலர்வுக்கு ஃபார்மசியில் தண்ணீரில் செய்த ஜெல் கிடைக்கிறது, கூச்சமாக இருந்தால் ஈப்போவில் வாங்குங்கள், நான் அப்படித்தான் வாங்கினேன். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழியும். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இதை ஒரு ஃபார்மசிக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இதை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்கிறேன். சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வர மறுத்தால், அல்லது தெரியாமல் வெளியேறினால், இரண்டு காலும் பலமிழந்தால், அங்கே இருந்த உணர்ச்சி திடீரென்று இல்லாமல் போனால், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். நரம்புக் கட்டு முழுவதும் நசுங்குவதாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியது, மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உருவிவிடுபவரிடம் அப்போது போகவே போகாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருவினது 630, மெத்தை 1,650, பெல்ட் 890, ஜாமு 225, போன சம்பளம் 2,400. மொத்தம் 5,795 வெள்ளி, ஈப்போவுக்கு அடித்த பெட்ரோல் சேர்க்காமல். எனக்குப் பதில் சொன்ன பெண்ணுக்கு நான் கட்டியது 5 வெள்ளி. மெத்தையை மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்கு அது பிடித்திருக்கிறது. பெல்ட்டைப் பூனை எடுத்துக்கொண்டது.

வலி முழுக்கப் போகவில்லை. அதிகமாக நின்ற நாளில் இன்னும் இழுக்கும். நேரம் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் டியூஷன் போய்விடுவார்கள், மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார். பேராக் மழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். தகரத்தில் அது விழ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. அன்று செம்மோரில் நிறுத்தின நாளிலிருந்தே எங்களுக்குள் மழை என்றால் வேறு அர்த்தம். போன சனிக்கிழமை ஆலையில் லோரி வரிசையில் நின்றுகொண்டு அவர் மெசேஜ் போட்டார்: “இங்க வானம் இருட்டிக்கிட்டு வருது. அங்க எப்படி?” முதல் நாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, 300 பிள்ளைகளுக்கு மீ கோரேங் கிளறி என் இடுப்பு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. “இன்னிக்குத் தூறல்தான்” என்று பதில் போட்டேன். வரும்போது வாழைப்பழப் பலகாரம் வாங்கி வந்தார். முதுகில் தைலம் தேய்த்துவிட்டார், அப்படியே தூங்கிவிட்டோம்.